வேனக்கட்டியும் அரை ஷிப்டும்

வெயில் ஏறினால் திருப்பூர் லைன் வீட்டுக் குழந்தைகளுக்கு வேனக்கட்டி வந்துவிடும். அம்மாவுக்கோ பனியன் கம்பெனியில் பீஸ் ரேட் வேலை. ஆஸ்பத்திரி போனால் அரை ஷிப்ட் கூலி போச்சு! அதனால் மஞ்சள் பத்து, மெடிக்கலில் நாலு மாத்திரை...

சீழ் கோர்த்த கட்டிக்கு மாத்திரை மட்டும் போதாது. மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறிச் சீழை எடுப்பதுதான் வைத்தியம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். வீட்டில் பிதுக்கினால் தொற்று பரவும். காய்ச்சல் வந்தாலோ, கைக்குழந்தை என்றாலோ தாமதிக்கவே கூடாது.

இ.எஸ்.ஐ. பிடிக்கும் கம்பெனி என்றால் பிள்ளைகளுக்கும் வைத்தியம் உண்டு. 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாயிற்று. ஆனால் காலை ஓ.பி.யும் ஷிப்டும் ஒரே நேரமாச்சே?

கூலியோடு அரை நாள் கொடுக்கட்டும் முதலாளிகள். கட்டி முற்றிக் குழந்தை வார்டில் படுத்தால், டெய்லர் ஒரு வாரம் வரமாட்டார். எது நஷ்டம்? நீங்களே கணக்குப் போடுங்கள்!