ஐடி கார்டு பார்த்து ஒட்டாத வைரஸ்

ஏழாவது செமஸ்டர் இன்டர்ன்ஷிப்புக்காக ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். (பெயர் வேண்டாம். அதே ரோட்டில் இருக்கிற எந்தக் கம்பெனியை நினைத்துக்கொண்டாலும் சரியாகத்தான் இருக்கும்!) அக்டோபர் முதல் வாரம் எச்.ஆரிடமிருந்து ஒரு மெயில். "ஃப்ளூ தடுப்பூசி முகாம், மூன்றாம் மாடி, கான்ஃபரன்ஸ் ரூம், முற்றிலும் இலவசம்." மெயிலின் தலையில் பனிமனிதன் படம். ஜன்னலுக்கு வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. தலைமையகம் அமெரிக்காவில் இருந்தால் சோழிங்கநல்லூரிலும் பனி பெய்யும் போல.

படம்தான் தமாஷ், தேதி சரிதான். வட இந்தியாவில் ஃப்ளூ அதிகமாவது ஜூலை முதல் செப்டம்பர் வரை. சென்னைப் பக்கம் அது வடகிழக்குப் பருவமழையோடு வரும். ஊசி போட்டு உடம்பில் எதிர்ப்பு சக்தி வர இரண்டு வாரம் ஆகும் என்பதால், மழைக்கு முன்னால் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

நானும் போய்ப் போட்டுக்கொண்டேன். இன்டர்னுக்கும் உண்டாம். எனக்கு 21 வயசு, ஒரு வியாதியும் கிடையாது, இன்னும் மூணு மாசத்தில் அந்த கட்டடத்தை விட்டே போகப்போகிறவன்.

ஊசி போட்டுவிட்டு 15 நிமிஷம் உட்கார வைத்தார்கள். அப்போதுதான் அந்த அக்கா வந்தார். எங்கள் மாடியைச் சுத்தம் செய்கிறவர், கண்ணகி நகரிலிருந்து வருகிறவர், அங்கே ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறவர். சர்க்கரை உண்டு என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். டீக்கு சர்க்கரை போடாமல் வாங்கிக்கொள்வார். வாசலிலேயே நின்றுகொண்டு, "எனக்கும் போடுவாங்களா தம்பி?" என்று என்னைக் கேட்டார். எனக்கென்ன தெரியும்? "கேட்டுப் பாருங்கக்கா" என்றேன். பட்டியல் வைத்திருந்த எச்.ஆர். ஆள் அவர் கழுத்தைப் பார்த்தார். எங்களுக்கு நீலக் கயிறு, அவருக்குப் பச்சைக் கயிறு. "இது எம்ப்ளாயீஸுக்கு மட்டும்மா. நீங்க உங்க கான்ட்ராக்டர்கிட்ட கேளுங்க." அவ்வளவுதான். அக்கா ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய், அந்த ரூமுக்கு வெளியே கிடந்த குப்பைத்தொட்டியைக் காலி செய்தார். நாங்கள் கையைத் துடைத்துப் போட்ட பஞ்சு அதில்தான் இருந்தது.

சாயங்காலம் இன்னொரு கூத்து. முன்னூறு டோஸ் கொண்டுவந்திருந்தார்கள், நூற்றைம்பது சொச்சம்தான் செலவானதாம். மீதியெல்லாம் ஐஸ் பெட்டியோடு ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போனது. ஏன் செலவாகவில்லை? நம்ம ஆட்கள் பலர் வரவே இல்லை. "ஊசி போட்டாதான் காய்ச்சலே வரும் மச்சி" என்று பக்கத்து சீட்காரன் எனக்கு அட்வைஸ் வேறு. அங்கே போட்டது செத்த வைரஸின் துண்டுகள். அதனால் ஃப்ளூ வர முடியாது. கை வலிக்கலாம், ஒரு நாள் உடம்பு கணகணக்கலாம், அவ்வளவுதான்.

நூற்றுக்கு நூறு பாதுகாப்பா என்று கேட்டால், இல்லை. உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், அடுத்த சீஸனுக்கு எந்த வைரஸ் வகைகளைச் சேர்ப்பது என்று கணித்துச் சொல்கிறது. கணிப்பு நன்றாகப் பொருந்தின வருஷத்தில்கூட டாக்டரிடம் போகுமளவு ஃப்ளூ வரும் வாய்ப்பு 40 முதல் 60 சதவீதம்தான் குறைகிறது. ஆனால் வந்தாலும் ஆஸ்பத்திரியில் படுக்கிற அளவுக்குப் போவது குறையும். அந்தப் பலன் யாருக்கு அதிகம் தேவை? வயசானவர்கள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா, சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள். எனக்கா, அந்த அக்காவுக்கா?

எச்.ஆரிடம் போய்க் கேட்டேன். (இன்டர்னுக்கு இந்த வேலை எதுக்கு என்று நண்பன் தடுத்தான்.) மூணு பதில் கிடைத்தது. ஒன்று, பட்ஜெட் வேறு. சரி, டோஸ் மிச்சமாகித் திரும்பிப் போனதே? அதற்கு பதில் இல்லை. இரண்டாவது, ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? எனக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்போ அவர்தான்! நான் கையெழுத்துப் போட்ட அதே ஃபாரத்தில் அக்காவும் போட்டிருப்பார். கடுமையான அலர்ஜி மிக மிக அபூர்வம், அந்த 15 நிமிஷம் உட்கார வைப்பதே அதற்காகத்தான்.

மூன்றாவது பதில்தான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. "அவங்க நம்ம ஸ்டாஃப் இல்லையே." 1970-இல் வந்த ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே, குடிதண்ணீர், கழிப்பறை, முதலுதவிப் பெட்டியெல்லாம் கான்ட்ராக்டர் தராவிட்டால் வேலை வாங்குகிற நிறுவனம் தரவேண்டும் என்று சொன்னது. ஊசி அந்தப் பட்டியலில் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "எங்க ஆள் இல்லை" என்று கைகழுவ முடியாது என்கிற எண்ணம் அரை நூற்றாண்டுக்கு முன்பே சட்டத்துக்கு வந்துவிட்டது. எச்.ஆருக்குத்தான் இன்னும் வரவில்லை.

தர்மம், நியாயம் எல்லாம் விடுங்கள். சுத்தமான கணக்கே பார்ப்போம். கம்பெனி ஊசி போடுவது எங்கள் மேல் பாசத்தால் அல்ல, லீவு குறையத்தான். எனக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று மெயில் போட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். அக்காவால் கழிப்பறையை வீட்டிலிருந்து கழுவ முடியாது. ஒரு நாள் வராவிட்டால் அந்த நாள் சம்பளம் போச்சு. இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பீர்கள். அதில் நோய்க்கால உதவித்தொகை சம்பளத்தில் 70 சதவீதம், பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. ஃப்ளூ காய்ச்சல் அடிப்பதே மூணு நாலு நாள்தான்! ஆகவே அவர் மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வருவார். வந்து ஒவ்வொரு மேஜையாகத் துடைப்பார். நீலக் கயிறு, பச்சைக் கயிறு வித்தியாசமெல்லாம் வைரஸுக்குத் தெரியாது.

இந்த ஊசியைப் பெரிய அளவில் முதலில் சோதித்துப் போட்டது இரண்டாம் உலகப் போர்க் கால அமெரிக்க ராணுவத்தில். 1945-இல் பொதுமக்களுக்கும் அனுமதி கிடைத்தது. 1918-இல் பாசறைகளில் சிப்பாய்கள் கொத்துக்கொத்தாகச் செத்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். ஒரே கூரைக்குக் கீழே இருப்பவர்களைப் பாதிப்பாதியாகப் பாதுகாக்க முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

"வெளியே போட்டுக்கலாமே" என்றும் ஒரு மேனேஜர் சொன்னார். நம் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் ஃப்ளூ ஊசி இல்லை. முகாமுக்கு வந்திருந்த நர்ஸிடம் விலை கேட்டேன், அவர்கள் ஆஸ்பத்திரியில் 1,800 ரூபாயாம். அக்காவிடம் சொன்னபோது சிரித்தார். "அஞ்சு நாள் சம்பளம் தம்பி."

இன்டர்ன்ஷிப் முடிகிற அன்று ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். "மேம்படுத்த ஆலோசனைகள்" என்ற கட்டத்தில், அடுத்த அக்டோபரில் பச்சைக் கயிறுகளையும் எண்ணி ஆர்டர் போடுங்கள், இல்லையென்றால் மிச்சமாவதையாவது அவர்களுக்குப் போடுங்கள் என்று எழுதினேன். உங்கள் மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி என்று உடனே பதில் வந்தது, கம்ப்யூட்டரிடமிருந்து. டிசம்பர் மழையில் அக்கா நாலு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் இருமிக்கொண்டே வந்தார்.