உறவும் ஒரு நாழிகை நடையும்

விடுமுறை நாளில் ஊவாத் தோட்டங்களிலுள்ள உற்றார் இல்லங்களுக்குக் குடும்பத்தோடு செல்வோர் இருவகையினர். ஒருசாரார் வேன் வண்டி அமர்த்தி, பகல் முழுதும் காட்சிகளைத் துரத்தி, உறங்குதற்கு மட்டுமே உறவினர் வீடு திரும்புவர். மற்றொரு சாரார் விருந்துண்டு, வாயிலைத் தாண்டாமலே விடைபெறுவர். முன்னையோர் உறவை இழக்கின்றனர். பின்னையோர் மலையை இழக்கின்றனர். இரண்டையும் ஒருங்கே பெறும் வழி குறுநடையேயாம்.

காலையில் ஒரு நாழிகை, மாலையில் ஒரு நாழிகை போதும். நாழிகையென்பது 24 நிமிடம். அவ்வளவு பொழுதில் லயத்திலிருந்து தேயிலை மலையின் முதல் வளைவு வரை சென்று மீளலாம். கூட்டத்தில் தளர்ந்த கால் எதுவோ, அதுவே வேகத்தின் அளவாதல் வேண்டும். ஒருநாள் மட்டும் சற்றே நீட்டலாம். பதுளை நகருக்கு அணித்தாய், ஏறத்தாழ 64 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் துன்ஹிந்த அருவியைக் காட்டுப்பாதையில் நடந்தே அடைதல் வேண்டும். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921ஆம் ஆண்டில் எழுந்த ஒன்பது வளைவுப் பாலத்தையோ, தண்டவாளத்தில் நடவாது மேட்டில் நின்றே கண்டு மகிழலாம்.

விருந்தினர் உலாவப் போதல் வீட்டாரை அவமதிப்பதாகாதோ எனச் சிலர் வினவுவர். வீட்டாரை விட்டுச் சென்றால் ஆகும். அழைத்துச் சென்றால் ஆகாது. அடுப்படியில் வேகும் இல்லத்தரசியும் உடன் வரட்டும். அதனால் இலையில் ஒரு கறி குறையினும் குற்றமில்லை. வழிகாட்டும் பொறுப்பை அவ்வீட்டுச் சிறுவரிடம் விடுக. கவ்வாத்து வெட்டிய மலை எது, கொழுந்தெடுக்கும் மலை எது, அட்டை மிகுந்த பாதை எது என்பன அவர்க்கே தெரியும். அங்கே நகரத்துப் பிள்ளை மாணாக்கனாவான். தோட்டத்துப் பிள்ளை ஆசானாவான். அப்பெருமிதத்தை எந்தப் பரிசுப் பொருளும் அச்சிறுவனுக்குத் தரமாட்டாது.

இன்னுமொன்று. நமக்கு உலாவும் பாதை, அங்குள்ளோர்க்கு உழைக்கும் பாதை. கொழுந்துச் சுமையோடு ஏறியிறங்கும் தாயரின் கால்கள் படிந்த படிகளிலேதான் நாம் காற்று வாங்குகின்றோம். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள், இப்பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. வண்டியின் சாளரத்துக்கு எந்தச் சரிவும் பசுமையாகவே தோன்றும். லயத்தின் பின்புறம் நடந்து சென்று அண்ணாந்து நோக்குபவனுக்கே அதன் அச்சம் விளங்கும். தம் உறவினர் எத்தகைய மண்ணின் கீழே கண்ணுறங்குகின்றனர் என்பதை அறியாதார், அவரிடம் நலம் வினவுதல் எங்ஙனம் முழுமையாகும்?