எண் பெரிதானால் போதுமா?



கைப்பேசியில் ஒரு செயலியைப் புதுப்பிக்கும்போது 2.4.1 என்பதுபோல ஓர் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பதிப்பு எண். பல மென்பொருள்களில் முதல் எண் கூடினால் பெரிய மாற்றம். நடு எண் கூடினால் புது வசதி. கடைசி எண் கூடினால் பிழை திருத்தம். எண்ணைப் பார்த்ததுமே விவரம் புரிந்துவிடும். இதுவே நேர்மையான முறை என்பேன்.

எல்லாரும் இப்படிச் செய்வதில்லை. விண்டோஸ் 8, 8.1 ஆகியவற்றை அடுத்து, 2015-ல் வந்தது விண்டோஸ் 10. 9 வரவே இல்லை! எண் தாவினால் மென்பொருளும் தாவிவிட்டதாகுமா?

எனக்குப் பிடித்தவர் அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் நூத். கணிதப் புத்தகங்களை அழகாக அச்சுக்கோக்க, 'டெக்' என்ற மென்பொருளை உருவாக்கியவர். அதன் பதிப்பு எண் 3-க்குப் பிறகு 3.1, 3.14, 3.141 என்று நீண்டது. ஆமாம், வட்டக் கணக்கில் வரும் 'பை'யேதான்! பிழை திருத்தி வெளியிடும்போது ஓர் இலக்கம் கூடும். 2014-ல் 3.14159265, 2021-ல் 3.141592653. ஏழு ஆண்டுகளில் ஒரே ஓர் இலக்கம்! பிழையை முதலில் கண்டுபிடித்தவருக்குப் பரிசுத் தொகையும் அறிவித்தார்.

இந்த எண் ஒருநாளும் 4 ஆகாது. ஆனால், கூடிய ஒவ்வோர் இலக்கமும், 'தவறு செய்தேன், திருத்திக்கொண்டேன்' என்று ஊரறியச் சொல்கிறது.

சிவப்பு மை பட்ட விடைத்தாளைப் பைக்குள் ஒளித்த மாணவர்கள் பலரை என் வகுப்பில் பார்த்திருக்கிறேன். நீங்கள் ஒளிக்காதீர்கள். எடுங்கள், திருத்துங்கள். உங்களுக்கும் ஓர் இலக்கம் கூடும்!