தைத்து முடித்தால் போதுமா?

திருப்பூர்ப் பிள்ளைகளுக்குப் பனியன் துணியைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கண்ணியோடு கண்ணி கோத்த நூல் அது. ஆகவே இழுத்தால் நீள்கிறது. கண்ணிகளின் இடையே நீர் கசிகிறது. இத்தகைய பின்னல் துணியை மனிதரின் மார்புக்குள்ளும் வைத்துத் தைத்திருக்கிறார்கள் என்றால் வியப்பாக இல்லையா?

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் அடிப்பகுதி சிலருக்குப் புடைத்துவிடும். குழாயின் ஆரம் கூடக்கூடச் சுவரின் இழுவிசையும் கூடும் என்பது லாப்லாஸ் விதி. 3 செ.மீ. விட்டம் 6 செ.மீ. ஆனால் இழுவிசை இரு மடங்கு. சுவரோ மெலிந்து போகும். அது கிழியுமுன் அப்பகுதியை நீக்கி, செயற்கை வால்வு பொருத்திய பாலியெஸ்டர் துணிக் குழாயைத் தைப்பார்கள். இம்முறையை 1968இல் இங்கிலாந்தின் ஹியூ பென்டால் வெளியிட்டார்.

தொடக்கக் காலப் பின்னல் குழாய்களில் குருதி கசிந்தது. எனவே நோயாளியின் குருதியிலேயே குழாயை நனைத்து, உறையச் செய்து, துளைகளை அடைத்தார்கள். பழைய பனியனைப் போல அவை நாளடைவில் விரிந்தும் கொடுத்தன. இன்று இவ்விடத்தில் பெரும்பாலும் துளையடைத்த நெசவுக் குழாய்களே பயன்படுகின்றன.

ஆனால் தையலோடு கதை முடிவதில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் துடிப்புகள் அத்தையலை இழுக்கின்றன. தையல் விட்டால் குருதி கசிந்து பை போலத் தேங்கும். உலோக வால்வில் குருதி உறைந்து, அத்துணுக்கு மூளைக்குச் சென்றால் பக்கவாதம். இதைத் தடுக்க வாழ்நாள் முழுதும் வார்ஃபரின் மாத்திரை வேண்டும். அளவு குறைந்தால் உறையும், மிகுந்தால் குருதிப்போக்கு. ஆகவே அடிக்கடி குருதியைச் சோதித்து அளவைத் திருத்த வேண்டும். பல் ஈறிலிருந்து கிருமி புகுந்து வால்வில் தங்குவதும் உண்டு.

எனக்குத் தெரிந்த பனியன் தொழிலாளி ஒருவர், “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது” என்று மாத்திரையை நிறுத்திவிட்டார். சோதனைக்குப் போனால் அரைநாள் கூலி போய்விடும் என்பதும் ஒரு காரணம். சில மாதங்களில் அவருடைய வலக்கை விளங்காமல் போயிற்று. ஓவர்லாக் ஓட்டிய கை அது.

இதை அவருடைய அறியாமை என்று ஒதுக்குவது நியாயமன்று. அறுவைக்குப் பெருந்தொகை திரட்டித் தரும் நாம், அதன் பின்னான கவனிப்பை நோயாளியின் தலையிலேயே சுமத்திவிடுகிறோம். சோதனை வீட்டருகே கிடைக்க வேண்டும். அதற்கான நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிலையம் உருவாக்கிய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்டது. வால்வையே செய்த நாட்டுக்கு இது இயலாத காரியமா?

உங்கள் தெருவில் இத்தகைய அறுவை செய்துகொண்டவர் இருந்தால், “மாத்திரை சாப்பிட்டீர்களா, சோதனை எப்போது?” என்று கேளுங்கள். காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். அறுவை ஒரு நாள் வேலை. அதைக் காப்பது ஆயுள் முழுவதற்குமான வேலை.