யார் குடும்பம்? எது குடும்பம்?

ரேஷன் அட்டை என்றதும் தோழர்களுக்கு அரிசி நினைவுக்கு வரும். சர்க்கரை நினைவுக்கு வரும். கடை வாசலில் கால் கடுக்க நின்ற நாட்கள் நினைவுக்கு வரும். அந்த அட்டைக்கு இன்னொரு வேலையும் உண்டு. யார் யாரோடு ஒரே கூரையின்கீழ் ஒரே உலையில் சோறு பொங்கி உண்கிறார்கள் என்பதைச் சர்க்கார் ஒப்புக்கொள்ளும் ஏடு அது. 2024 செப்டம்பர் முதல் நாள் டில்லி சர்க்கார் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் துணைவராக வாழ்ந்தால், ரேஷன் அட்டையைப் பொறுத்தவரை அவர்களை ஒரே குடும்பமாகக் கருத வேண்டும் என்று உணவுத்துறை எல்லா மாநிலங்களுக்கும் எழுதியிருப்பதாக அதில் கண்டிருந்தது.

படித்தவர் பலர். சிரித்தவர் சிலர். சிரித்தவர்களிலே நம் தோழர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றிப் பாருங்கள். உருக்காலை, உருட்டாலை, வார்ப்படப் பட்டறை. இரவு பகல் மூன்று ஷிப்டு. பொன்னேரி, மீஞ்சூர் வழியே வரும் ரயில் விடியற்காலையில் ஆட்களைக் கொட்டிவிட்டுப் போகிறது. தென்மாவட்டத்துப் பிள்ளைகள், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள், ஓர் அறையில் நாலு பேர், ஆறு பேர் என்று அடைந்து கிடக்கிறார்கள். ஒருவன் எழுந்து போன பாயில் இன்னொருவன் படுக்கிறான். திருவள்ளூரை அடுத்த காக்களூரிலும் இதே காட்சிதான்.

இரண்டு ஆண்கள் சேர்ந்து ஓர் அறை கேட்டால் வீட்டுக்காரர் ஒன்றும் கேட்பதில்லை. வாடகை மாதம் பிறந்தால் வருமா என்பதோடு சரி. ஓர் ஆணும் பெண்ணும் தாலி இல்லாமல் வந்து கேட்டாலோ தெருவே திரண்டு வரும்! ஆகவே ஆணை நேசிக்கும் ஆணுக்கு நம் சமுதாயம் ஏதோ சலுகை தந்திருப்பதுபோலத் தோன்றும். கண்ணை மூடிக்கொள்கிற சலுகை. இருபத்தைந்து, இருபத்தெட்டு வயது வரையில் அது செல்லுபடியாகும். அதற்குப் பிறகு ஊரிலிருந்து போன் வரும். பெண் பார்த்தாயிற்று, நாள் குறித்தாயிற்று, அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு, வந்து சேர்.

அவன் என்ன செய்வான்? மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணத்தைச் சொல்ல நாக்கு எழாது. எப்படி எழும்? நம் தெருவிலே அதற்கு வழங்கிய சொற்கள் எல்லாம் வசைச் சொற்கள். தன்னை இன்னான் என்று சொல்ல முனைகிறவன் தன்னையே திட்டிக்கொள்ள வேண்டியிருந்தது! (2022ல் தமிழ்நாடு அரசு இவர்களைக் குறிக்கும் கண்ணியமான சொற்களைத் தொகுத்து அரசிதழில் வெளியிட்டது. தன்பாலீர்ப்பு என்ற சொல் இன்று ஏடுகளிலே புழங்குகிறது. அரவாணி போய்த் திருநங்கை வந்ததே, அதுபோல. சொல் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று சொல்ல வரவில்லை. சொல்லே இல்லாதவன் வாயைத் திறக்க முடியாது என்கிறேன்.)

மணவறையில் போய் உட்காருகிறான். பக்கத்திலே ஒரு பெண் உட்காருகிறாள். அந்தப் பெண் செய்த குற்றம் என்ன? கணவன் கைநிறையக் கொண்டு வருகிறான், அடிப்பதில்லை, குடிப்பதில்லை, ஆனாலும் அந்நியனாக இருக்கிறானே, தன்னிடம்தான் ஏதோ குறையோ என்று ஆண்டுக்கணக்கில் உள்ளுக்குள் வெந்து சாகிறாள். பெண்ணுரிமை பேசும் நாம், நம் வீட்டு மானம் காக்க அடுத்த வீட்டுப் பெண்ணைப் பலி கேட்கிறோம். அவனைத் திருத்துவதற்காகக் கட்டிவைத்தோம் என்று மார்தட்டுகிற பெரியவர்களைக் கேட்கிறேன்: உங்கள் பெண்ணை இப்படி ஒருவனுக்குத் தெரிந்தே கொடுப்பீர்களா?

இது மேனாட்டுச் சரக்கு, நம் மண்ணுக்கு ஒட்டாது என்பார்கள். கப்பலேறி வந்தது இந்த அன்பு அல்ல, அதைத் தண்டித்த சட்டம்! மெக்காலே வரைந்து 1860ல் வெள்ளையர் ஆட்சி நிறைவேற்றிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு அது. இங்கிலாந்திலே, வயது வந்த ஆண்கள் தனிமையில் இணங்கி வாழ்வது குற்றமல்ல என்று 1967ல் அவர்களே மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் கழற்றி எறிந்த விலங்கை நாம் பண்பாடு என்று அணிந்துகொண்டு திரிந்தோம். 2009ல் டில்லி உயர் நீதிமன்றம் அதை உடைத்தது. 2013ல் உச்ச நீதிமன்றம் மறுபடி பூட்டியது. 2018 செப்டம்பர் 6ஆம் நாள் அதே உச்ச நீதிமன்றம், ஐந்து நீதிபதிகள் ஒருமித்து, வயது வந்தோர் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று திறந்துவிட்டது.

1967 என்றேன். அந்த ஆண்டு நம் தோழர்களுக்கு வேறொன்றையும் நினைவூட்ட வேண்டும். 1928 மே மாதம் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் புரோகிதர் இல்லாமல், மந்திரம் இல்லாமல் ஒரு திருமணம் நடந்தது. அதன்பிறகு ஊருக்கு ஊர் நடந்தது. ஊர் சிரித்தது. மேளமா இது, மேடைப்பேச்சா என்று ஏளனம் செய்தது. சிரிப்பைத் தாங்கிக்கொள்ளலாம். 1953ல் சென்னை உயர் நீதிமன்றம், தெய்வானை ஆச்சி வழக்கில், சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி திருமணமே அல்ல என்று தீர்ப்புக் கூறியது. மனைவி மனைவி அல்ல. பிள்ளை முறையான பிள்ளை அல்ல! அன்று நம் இயக்கத்தாரின் வீடுகளிலே எத்தனை தாய்மார்கள் தூக்கமின்றிப் புரண்டிருப்பார்கள்? சொத்து கிடக்கட்டும். பெற்ற பிள்ளையை ஊர் என்ன சொல்லி அழைக்கும் என்ற கவலை அல்லவா அது?

1967ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோதுதான் சட்டமன்றம் 7ஏ பிரிவைக் கொண்டு வந்தது. 1968 ஜனவரி 20 முதல் அது நடைமுறைக்கு வந்தது. உற்றார் முன்னிலையில், தெரிந்த மொழியில், உன்னைத் துணையாக ஏற்கிறேன் என்று சொன்னால் போதும். மாலை போதும், மோதிரம் போதும். முன்பு நடந்தவையும் செல்லும் என்றது சட்டம். சுக்கிலநத்தத்துக்கும் அந்த நாளுக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். நாற்பது ஆண்டுக்காலம் நம்மவர் சட்டத்தின் கண்ணில் மணமாகாதவர்களாக வாழ்ந்து, பிள்ளை பெற்று, கிழவராகி, செத்தும் போனார்கள். அந்த வலியை அறிந்த வீட்டார் இன்னொருவன் வலியைக் கண்டு சிரிக்கலாமா?

7ஏ பிரிவிலும் கணவன், மனைவி என்ற சொற்களே உள்ளன. இரு ஆண்களுக்கு அது இன்று இடம் தரவில்லை. ஆனால் சொற்கள் விரிந்ததும் உண்டு. 2019ல் தூத்துக்குடியைச் சேர்ந்த ஓர் ஆணும் திருநங்கையும் செய்த மணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தபோது, மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது.

டில்லி என்ன சொன்னது? ஐதராபாத்தைச் சேர்ந்த சுப்ரியோ சக்கரவர்த்தி, அபய் டாங் என்ற இருவர் ஏறத்தாழப் பத்தாண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவர்கள். கொரோனாவில் இருவரும் படுத்தார்கள். மருத்துவமனைக்குப் போனால் ஒருவருக்கு ஒருவர் யார் என்று கேட்டால் என்ன பதில்? பிழைத்து எழுந்தபின் 2021 டிசம்பரில் உறவினர் சூழ விழா நடத்திக்கொண்டார்கள். 2022ல் உச்ச நீதிமன்றம் ஏறினார்கள். 2023 அக்டோபர் 17ஆம் நாள் தீர்ப்பு. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தில் இதற்கு இடமில்லை, நாடாளுமன்றம்தான் செய்ய வேண்டும் என்று ஐவரும் சொன்னார்கள். திருமணம் இல்லாவிட்டாலும் இணைவாழ்வுக்கு ஒரு சட்டத் தகுதி தரலாம், கூட்டாகப் பிள்ளை தத்தெடுக்க விடலாம் என்று இருவர் சொன்னார்கள், மூவர் மறுத்தார்கள். 2025 ஜனவரியில் மறுஆய்வு மனுவும் தள்ளுபடி. நாடாளுமன்றத்துக்குப் போ என்கிறது மன்றம். நாடாளுமன்றத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது? அதே வழக்கிலே எதிர்த்து வாதாடிய டில்லி சர்க்காரின் கைதான்! ஆறு தாண்ட ஓடக்காரனிடம் போ, ஆனால் ஓடக்காரன் உன்மேல் வழக்காடுகிறவன் என்றால், கரையிலே நிற்பவன் என்ன செய்வான்?

அந்த வழக்கின்போது ஒரு குழு அமைப்பதாகச் சர்க்கார் வாக்களித்திருந்தது. 2024 ஏப்ரலில் அமைத்தது. அதன் பயன்தான் ரேஷன் அட்டைக் கடிதம். வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கலாம், துணைவரை நாமினியாக எழுதலாம் என்று அதே ஆண்டு ஆகஸ்டில் நிதித்துறை விளக்கியது. சுகாதாரத்துறையும் எழுதியது: துணைவர் இறந்தால் உடலைக் கேட்டுப் பெறலாம், நெருங்கிய உறவினர் இல்லாதபோது. இந்தக் கடைசி வரியை மறுபடி படியுங்கள், தோழர்களே. இருபது ஆண்டு கூட வாழ்ந்து, கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, கால் பிடித்துவிட்டவன் பிணவறை வாசலில் நிற்க வேண்டும். பத்து ஆண்டு பேசாத அண்ணன் வந்து கையெழுத்துப் போட்டு எடுத்துப் போவான்.

கூலி, போனஸ், ஆட்குறைப்பு என்று ஆயிரம் தொல்லை இருக்க இதுவா பேச்சு என்று கேட்கும் தோழரே, உம் பி.எப். தாளை எடுத்துப் பாரும். 1952ல் வகுத்த வைப்புநிதித் திட்டம், குடும்பம் என்றால் யார் என்று ஒரு பட்டியல் போட்டது. மனைவி, மக்கள், அண்டி வாழும் பெற்றோர், இறந்த மகனின் விதவையும் பிள்ளைகளும். குடும்பம் உள்ள தொழிலாளி அந்தப் பட்டியலுக்கு வெளியே யார் பெயரை எழுதினாலும் செல்லாது. குடும்பம் இல்லாதவன் யார் பெயரையும் எழுதலாம். பின்னால் குடும்பம் வந்தால் எழுதியது ரத்து. ஈ.எஸ்.ஐ.யும் அப்படியே. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் குடும்பத்தைக் கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர் என்றுதான் முதன்மையாக வகுக்கிறது. உருட்டாலையில் ஒருவனுக்கு விபத்து. அவனோடு வாழ்ந்தவன் வாசலில் நிற்கிறான். நீ யார்? நண்பன். போய்விட்டு வா! ஓட்டிய வியர்வை தொழிலாளியுடையது. வெட்டப்பட்ட சம்பளம் அவனுடையது. யாருக்குக் கொடு என்று சொல்லும் உரிமை மட்டும் அவனுடையதல்ல. இது கூலிப் பிரச்சினை இல்லையென்றால் வேறெது?

பிள்ளை விஷயமும் இப்படித்தான். தனி ஆண் ஓர் ஆண் குழந்தையைத் தத்தெடுக்கலாம். பெண் குழந்தையை எடுக்க முடியாது. கூட்டாக எடுக்கத் திருமணமான தம்பதியாக இருக்க வேண்டும். ஆகவே இருவர் வளர்க்கும் பிள்ளைக்குச் சட்டத்தில் ஒரு தகப்பன்தான். அவன் கண் மூடினால் மற்றவன் அந்தப் பிள்ளைக்கு வழிப்போக்கன்.

இதற்கிடையே சென்னை உயர் நீதிமன்றம் காட்டிய வழியைச் சொல்லாமல் விடக் கூடாது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து தஞ்சம் புகுந்த இரண்டு பெண்களின் வழக்கு, 2021ல், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. இவ்விஷயத்தில் தாம் அறியாதது நிறைய உண்டு என்று சொல்லி, ஒரு மனநல நிபுணரிடம் முதலில் பாடம் கேட்டார் அந்த நீதிபதி. பிறகுதான் ஆணையிட்டார். போலீசார் துன்புறுத்தக் கூடாது, மாற்றிவிடுகிறேன் என்று மருத்துவம் செய்யக் கூடாது என்றார். 2022ல் தமிழ்நாட்டில் காவலர் நடத்தை விதியே திருத்தப்பட்டது. 2025 மே மாதம் வேலூர்ப் பக்கத்து வழக்கு ஒன்றில், தன்னை வீட்டார் அடித்ததாகவும் மாற்றுவதற்குச் சடங்குகள் செய்ததாகவும் ஒரு பெண் மன்றத்தில் கூறினாள். அவள் விரும்பிய இடத்துக்குப் போக விட்ட நீதிபதிகள், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றார்கள்.

இரண்டு வழக்கும் பெண்களுடையவை. ஆண்கள் ஏன் வரவில்லை? பெண்ணை வீட்டில் பூட்டுகிறார்கள். ஆகவே ஆட்கொணர்வு மனு. ஆணைப் பூட்டத் தேவையில்லை. தாயின் கண்ணீர் போதும்.

தாய் என்றதும் லீலா சேத் நினைவுக்கு வருகிறார். 1991ல் இமாசலப் பிரதேசத் தலைமை நீதிபதி. இந்நாட்டில் அப்பதவி ஏறிய முதல் பெண். எழுத்தாளர் விக்ரம் சேத்தின் தாய். 2013 தீர்ப்பு வந்தபோது, தம் மகனைக் குற்றவாளி ஆக்கிவிட்டதே என்று ஒரு தாயாக நின்று ஏட்டில் எழுதினார். மெத்தப் படித்த குடும்பம், அவர்களால் முடியும் என்பீர்கள். ஆரம்பாக்கத்திலே இட்லிக் கடை வைத்திருக்கும் தாய்க்கு முடியாதா? அவள் படிக்காதவள், மகன் பசித்த முகத்தைப் படிக்கத் தெரிந்தவள். அவள் அஞ்சுவது மகனை அல்ல, நம்மை. மாமன், மச்சான், பங்காளி, கிளைச் செயலாளர், தேநீர்க் கடை. நம் வாயை!

சட்டம் வர நாளாகலாம். தைவான் 2019ல் திருமண உரிமை தந்தது. தாய்லாந்தில் 2025 ஜனவரியில் வந்தது. சிங்கப்பூர் தண்டனைச் சட்டத்தை மட்டும் நீக்கி, திருமணத்தை நாடாளுமன்றமே முடிவு செய்யும் என்று அரசியல் சட்டத்தில் எழுதி வைத்துக்கொண்டது. நம் மாநிலத்தின் கையில் இன்றே ஒன்று இருக்கிறது. 2023 நவம்பரில் அதே ஆனந்த் வெங்கடேஷ் முன் ஒரு யோசனை வைக்கப்பட்டது. சேர்ந்து வாழும் இருவர் தமக்குள் குடும்ப இணைவு ஒப்பந்தம் எழுதிக்கொண்டு பதிவு செய்ய வகை செய்யலாமே என்பது அது. அரசு ஆராயட்டும் என்றார் நீதிபதி. 2025 ஜூலையில் திருநர் கொள்கை வெளிவந்தது, நல்லது. ஆணை நேசிக்கும் ஆணுக்கு அதில் விடையில்லை.

ஒப்பந்தம் பதிவானால் மணவாளர் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் மருத்துவமனை வாசலில் நீ யார் என்று கேட்டால் காட்ட ஒரு தாள் இருக்கும். வீட்டுக்காரர் கேட்டால் இருக்கும். தொழிற்சாலை அலுவலகம் கேட்டால் இருக்கும். ஒருவன் செத்தால் மற்றவன் குடக்கூலி வீட்டிலிருந்து மறுநாளே துரத்தப்படாமல் இருக்க ஆதாரம் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பதிவேடு, ஒரு முத்திரை. தொழிற்சங்கங்கள் கூடும்போது தீர்மானப் பட்டியலில் இதையும் ஒரு வரி சேர்க்கட்டும்; பி.எப். நாமினியாகத் தொழிலாளி தன் விருப்பப்படி எவரையும் எழுதலாம் என்ற கோரிக்கையையும் அதனோடு சேர்க்கட்டும்.