வாடகை வாங்குபவர்தான் கதவையும் மாட்ட வேண்டும்

பின்பக்கக் கதவே இல்லாத வீட்டில் ஒரு பெண் 68 மாதங்கள் வாடகைக்குக் குடியிருந்தார். வீட்டுக்காரர் தனியார் அல்ல, அரசு. ஆஸ்திரேலியாவின் நட்டநடுவே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கிறது சான்டா தெரசா என்னும் பூர்வகுடிக் கிராமம். 2016இல் அந்த ஊரின் 70 வீடுகளைச் சேர்ந்தவர்கள், வடக்குப் பிராந்திய அரசின் வீட்டுவசதித் துறையைத் தீர்ப்பாயத்துக்கு இழுத்தார்கள். அதற்கு முன்பே 600க்கும் மேற்பட்ட பழுதுகளை எழுதிக் கொடுத்திருந்தார்கள். பதிலுக்குத் துறை, ‘உங்களுக்கு வாடகை பாக்கி இருக்கிறது’ என்று எதிர்மனு போட்டது.

வழக்கு படிப்படியாக ஏறி, 2023 நவம்பர் 1 அன்று ஹை கோர்ட்டில் முடிந்தது. (அந்த நாட்டில் உச்ச அதிகாரம் கொண்ட நீதிமன்றத்தின் பெயரே அதுதான்.) பூட்ட முடியாத வீட்டில் இருந்ததால் ஏற்பட்ட மனவேதனைக்காக அந்தப் பெண்ணுக்கு 10,000 டாலர் இழப்பீடு உண்டு என்பது தீர்ப்பு. இடையில் 2020இல், பிராந்தியத்தின் மேல்நிலை நீதிமன்றம் இன்னொன்றையும் சொல்லியிருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்பதாலேயே ஒரு வீடு குடியிருக்கத் தக்கதாகிவிடாது. மனிதர் ஓரளவு வசதியாக வாழும்படி அது இருக்க வேண்டும்.

பத்தாயிரம் டாலர் ஓர் அரசுக்குப் பணமே இல்லை. ஆனாலும் இந்தத் தீர்ப்பை நான் பெரிதாக நினைக்கிறேன். பூர்வகுடிகளுக்கு வீடு கட்டித் தருவதை ஆஸ்திரேலிய அரசியல் இத்தனை காலமும் சலுகையாகவே பேசிவந்தது. சலுகை தருபவரிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரிடம் கேட்கலாம். சிட்னியில் அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு விடுபவரை எந்தச் சட்டம் கட்டுப்படுத்துமோ, அதே வகைச் சட்டம் பாலைவனத்தில் வீடு வைத்திருக்கும் அரசையும் கட்டுப்படுத்தும் என்பது இப்போது உறுதியாகிவிட்டது.

நிலம் பூர்வகுடிகளுடையது, வீடு மட்டும் எப்படி அரசுடையதாயிற்று? 1976ஆம் ஆண்டின் நிலவுரிமைச் சட்டத்தால் வடக்குப் பிராந்தியத்தின் நிலத்தில் ஏறக்குறைய பாதி இன்று பூர்வகுடி அறக்கட்டளைகளின் பெயரில் இருக்கிறது. அதை விற்க முடியாது. அதனாலேயே அந்த மண்ணில் வீடு கட்ட எந்த வங்கியும் எளிதில் கடன் தராது. நீண்ட காலம் அங்கங்கே இருந்த சிறு பூர்வகுடி வீட்டுவசதி அமைப்புகள்தான் வாடகை வாங்கி, முடிந்தவரை பழுதுபார்த்து, நாளை ஓட்டிவந்தன. கையில் போதிய பணம் இருந்ததே இல்லை.

2007இல் பிரதமர் ஜான் ஹோவர்டின் மத்திய அரசு, குழந்தைகள் மீதான வன்கொடுமைகளைக் காரணம் காட்டி, இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே நிறுத்திவைத்துவிட்டு, ராணுவத்தினர் துணையோடு வடக்குப் பிராந்தியத்தில் அவசர நடவடிக்கையில் இறங்கியது. அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் ஐந்தாண்டுக் கட்டாயக் குத்தகைக்குள் வந்தன. அடுத்து வந்த தொழிற்கட்சி அரசு 2008இல் பத்தாண்டுகளுக்கு 550 கோடி டாலர் ஒதுக்கி, நாடு முழுவதும் தொலைதூர ஊர்களில் வீடு கட்டும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஊர் தன் நிலத்தை அரசுக்கு நீண்டகாலக் குத்தகைக்குத் தர வேண்டும். பொதுவாக 40 ஆண்டு. குத்தகை இல்லையேல் புதுவீடு இல்லை. கையெழுத்திட்ட ஊர்களில் வீட்டு நிர்வாகம் மக்களின் அமைப்புகளிடமிருந்து அரசுத் துறைக்குப் போனது.

ஆக, இந்தப் பொறுப்பை யாரும் அரசின் தலையில் கட்டவில்லை. அதுவே கேட்டு, நிபந்தனை போட்டு வாங்கிக்கொண்டது. ‘அவ்வளவு தூரத்தில் இருக்கும் ஊருக்குத் தச்சரை அனுப்புவது கஷ்டம்’ என்று குத்தகை கேட்கும்போது யாரும் சொல்லவில்லை.

இதில் இன்னொரு குழப்பம், அரசு என்றால் எந்த அரசு என்பது. 1967 பொதுவாக்கெடுப்புக்குப் பிறகு பூர்வகுடிகளுக்காகச் சட்டமியற்றும் அதிகாரம் கான்பராவிலுள்ள மத்திய அரசுக்கு உண்டு. வீட்டுவசதியோ மாநிலங்களின் வேலை. பணம் கொடுக்கும் காலத்தில் இரு தரப்பும் மேடையேறுகின்றன. பணம் தீரும்போது இரு தரப்பும் எதிராளியைக் காட்டுகின்றன. 2018இல் அந்தப் பத்தாண்டு ஒப்பந்தம் முடிந்தபோது மத்திய அரசு வடக்குப் பிராந்தியத்துக்கு மட்டும் 55 கோடி டாலர் அறிவித்துவிட்டு, பொது வீட்டுவசதி மாநிலங்களின் கடமை என்றது. குயின்ஸ்லாந்து, மேற்கு ஆஸ்திரேலியா, தெற்கு ஆஸ்திரேலியா மூன்றும் பின்னர் ஒருமுறைத் தொகை ஒன்றைப் பேரம்பேசி வாங்க வேண்டியதாயிற்று. அதே ஒப்பந்தத்தை ஆராய்ந்த மத்திய அரசின் மதிப்பாய்வோ, 2028க்குள் இன்னும் சுமார் 5,500 வீடுகள் தேவை என்று அப்போதுதான் சொல்லியிருந்தது. நெரிசல் மிகுந்த வீடுகளின் பங்கு 2008இல் 52 விழுக்காட்டிலிருந்து 2018இல் 37க்கு இறங்கும் என்றும் அது கணித்தது. திட்டம் பலன் தந்துகொண்டிருந்த நேரத்தில் குழாயை மூடினார்கள்.

சிறு தாயகக் குடியிருப்புகளின் கதை இன்னும் மோசம். மூதாதையர் மண்ணில் ஒன்றிரண்டு குடும்பங்களாக வாழும் இந்த இடங்களை 2007இல் மத்திய அரசு இரண்டு கோடி டாலரோடு பிராந்திய அரசிடம் தள்ளிவிட்டது. அங்கே மத்திய நிதியில் புதுவீடு கிடையாது என்பதும் ஏற்பாட்டில் சேர்ந்தே இருந்தது. 2014இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் முதல்வர் காலின் பார்னெட், மத்திய நிதி நின்றுபோவதால் 274 ஊர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை மூட நேரலாம் என்றார். அடுத்த மார்ச்சில் பிரதமர் டோனி அபட், சிலர் தேர்ந்தெடுத்த வாழ்க்கை முறைக்கெல்லாம் வரிப்பணத்தைக் கொட்ட முடியாது என்ற பொருளில் பேசினார். பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் இருந்துவரும் இடம் அவருக்கு விருப்பத் தேர்வாகத் தெரிந்தது. கம்பளிக்காக ஆடு வளர்க்கும் பண்ணையார் ஆளில்லாத வெளியில் வாழ்ந்தால் அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

‘எத்தனை வீடு கட்டிக் கொடுத்தாலும் உடைத்துவிடுவார்கள்’ என்ற பேச்சு பூர்வகுடிகளைப் பற்றி அங்கே மதுக்கடை முதல் நாடாளுமன்றம் வரை புழங்குகிறது. இதை யாரோ கருணையால் மறுக்கவில்லை, கணக்கால் மறுத்தார்கள். 1980களின் நடுவில் தெற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கிலுள்ள நங்கனம்பா சுகாதாரக் குழுவின் இயக்குநர் யாமி லெஸ்டர், மருத்துவர் பால் டோர்சில்லோ, ஸ்டீபன் ரெய்னோ, கட்டடக் கலைஞர் பால் ஃபோலரோஸ் ஆகியோரை அழைத்து, மக்கள் நோய்ப்படுவதை நிறுத்த வழி சொல்லுங்கள் என்றார். அவர்கள் நோயாளியை விட்டுவிட்டு வீட்டைப் பரிசோதித்தார்கள். குழந்தையைக் குளிப்பாட்ட முடிகிறதா? துணி துவைக்க முடிகிறதா? கழிவுநீர் வெளியேறுகிறதா? சமைக்க முடிகிறதா?

பிற்பாடு ‘ஹெல்த்ஹேபிடட்’ என்ற அமைப்பாக நாடெங்கும் ஆயிரக்கணக்கான வீடுகளை அவர்கள் சோதித்தபோது, குழந்தையைக் குளிப்பாட்டும்படி ஷவர் வேலைசெய்த வீடுகள் 35 விழுக்காடு. மின்சாரப் பாதுகாப்புச் சோதனையில் தேறியவை பத்தில் ஒன்று. பழுதுகளுக்குக் காரணம் தேடினார்கள். குடியிருப்பவர்கள் சேதப்படுத்தியது 9 விழுக்காடு. ஐந்தில் ஒரு பங்கு, கட்டும்போதே ஒப்பந்தக்காரர் செய்த கோளாறு. ஏறக்குறைய 70 விழுக்காடு, வழக்கமான பராமரிப்பு நடக்காததால் வந்தது. உடைத்தவர் யார் என்று கேட்டால், பெரும்பகுதி வீட்டுக்காரரின் கணக்கில்தான் வரும்.

அவர்கள் வைத்துக்கொண்ட விதியும் எனக்குப் பிடித்தது. சோதனைக்கு உள்ளே போகும் குழு, கையில் கருவிகளோடு போக வேண்டும். பழுதுபார்க்கும் வேலை முதல் நாளிலேயே தொடங்கிவிட வேண்டும். குறிப்பெடுத்துக்கொண்டு திரும்பும் கணக்கெடுப்பாளர்களை அந்த ஊர்கள் போதுமான அளவு பார்த்துவிட்டன. குழுவில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்களே. நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சுகாதாரத் துறை பத்தாண்டு அனுபவத்தை 2010இல் அலசியபோது, இப்படிப் பழுதுபார்த்த வீடுகளில் இருந்தவர்கள் தொற்றுநோய்களுக்காக மருத்துவமனையில் சேருவது 40 விழுக்காடு குறைவாக இருந்தது. புது மருந்தோ புது மருத்துவரோ அல்ல. குழாய்க்கு வாஷர் மாற்றியதும் சாக்கடை அடைப்பு எடுத்ததும்தான். தோலில் சிரங்கு, அதில் ஸ்ட்ரெப் கிருமி, அதன் வழியே வாதக் காய்ச்சல், கடைசியில் பள்ளிச் சிறுமியின் இதய வால்வுக்கு அறுவைச் சிகிச்சை என்று நீளும் சங்கிலியை, வேலைசெய்யும் ஒரு ஷவர் அதன் முதல் கண்ணியிலேயே அறுக்க முடியும்.

இதெல்லாம் தெரிந்தும் அரசுகள் ஏன் பழுதுபார்ப்பதைவிடக் கட்டுவதையே விரும்புகின்றன? வாஷர் மாற்றுவதற்கு ரிப்பன் வெட்ட முடியாது என்பது ஒரு காரணம். கட்டுவதையாவது ஒழுங்காகச் செய்தார்களா என்றால், 2008 ஏப்ரலில் 67.2 கோடி டாலரில் 750 புதுவீடுகள் என்று அறிவித்த வடக்குப் பிராந்தியத் திட்டத்தில், 2009 ஆகஸ்டு வரை ஒரு புதுவீடுகூட முடிந்திருக்கவில்லை. பிராந்திய அரசின் பூர்வகுடிக் கொள்கை அமைச்சர் அலிசன் ஆண்டர்சன் வெறுத்துப்போய்ப் பதவியையும் கட்சியையும் விட்டார்.

பொறுப்பு எங்கே முடிகிறது என்பதிலும் தகராறு. அதே பிராந்தியத்தின் லரம்பா ஊரின் குழாய்நீரில் யுரேனியம் தேசிய வரம்பைவிட இரு மடங்குக்கும் மேல் இருந்தது. குழாய்தான் எங்களுடையது, அதில் வரும் தண்ணீர் அல்ல என்பது வீட்டுவசதித் துறையின் வாதம். 2020இல் தீர்ப்பாயம் அதை ஏற்றது. மேல்முறையீட்டில் அந்த வாதம் நிற்கவில்லை. மின்சாரமும் இப்படித்தான். தொலைதூர வீடுகளில் முன்பணம் கட்டினால் மட்டுமே ஓடும் மீட்டர்கள். 2018–19இல் 28 ஊர்களின் சுமார் 3,300 வீடுகளை ஆராய்ந்ததில் 91 விழுக்காட்டு வீடுகளில் ஆண்டுக்கு ஒருமுறையாவது மின்சாரம் நின்றிருந்தது. 74 விழுக்காட்டில் பத்து முறைக்கும் மேல். வெப்பத்தைத் தடுக்கும் வகையில் கட்டாத வீட்டில் 40 பாகை வெயிலில் குளிர்சாதனமும் நின்றால், அந்த வீட்டைக் கட்டியவருக்கு அதில் பங்கில்லையா?

அரசுத் தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் பாதை அறுந்துபோகும் ஊருக்கு மின்பணியாளரை அனுப்ப, நகரத்தில் ஆகும் செலவைப்போலப் பல மடங்கு ஆகும். அதற்கு விடை ஊருக்குள்ளேயே பிளம்பரையும் தச்சரையும் பயிற்றுவித்து, சம்பளத்துக்கு வைப்பது. வீட்டு நிர்வாகத்தைப் பூர்வகுடி அமைப்புகளிடமே திருப்பிக் கொடுங்கள் என்ற கோரிக்கை இப்போது வலுக்கிறது. நானும் அதை ஆதரிக்கிறேன். ஆனால், தாயகக் குடியிருப்புகளை ஒரு தொகையோடு கைகழுவியதுபோல் இதையும் செய்துவிட்டால், பழுதுக்கான வசவு மட்டும்தான் அந்த அமைப்புகளுக்கு மிஞ்சும். முடிவெடுப்பது அவர்களாக இருக்கட்டும். பணம் ஆண்டுதோறும் வருவதைச் சட்டம் உறுதிசெய்யட்டும்.

2024 மார்ச்சில் கான்பராவும் பிராந்திய அரசும் பத்தாண்டுகளுக்கு 400 கோடி டாலர், 2,700 வீடுகள் என்று புது ஒப்பந்தம் அறிவித்தன. நெரிசலைப் பாதியாக்குவது இலக்கு. நல்ல செய்தி. கூடவே வாடகைக் கணக்கையும் பார்க்க வேண்டும். 2023 பிப்ரவரி முதல் தொலைதூர வீடுகளின் வாடகையை, வீட்டின் நிலையை வைத்தல்ல, படுக்கையறைகளின் எண்ணிக்கையை வைத்துப் பிராந்திய அரசு நிர்ணயித்தது: அறைக்கு வாரம் 70 டாலர். வாடகையை இவ்வளவு எளிய கணக்காக்கத் தெரிந்த துறைக்குப் பழுதையும் கணக்காக்கத் தெரியும். மின்கசிவுக்கு இத்தனை மணி நேரம், அடைத்த கழிப்பறைக்கு இத்தனை நாள். தவறினால் சரியாகும்வரை வாடகை கிடையாது. குத்தகைக்கு நிபந்தனை போட்டவர்கள், வாடகைப் பத்திரத்தில் இந்த நிபந்தனையையும் தங்களுக்கே போட்டுக்கொள்ளலாம்.