எஃப்.சி. முடிந்தால் பாலிசியும் முடியட்டுமா?

எஃப்.சி. எனும் தகுதிச் சான்று காலாவதியான வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டுவது தண்டம், கம்பெனி எப்படியும் கைவிரிக்கும் என்ற வாதத்தை ஜவ்வாது மலை வண்டிக்காரர்கள் நம்பிவிடக் கூடாது.

சொந்த வண்டிச் சேதத்துக்குக் கம்பெனி மறுக்கலாம், உண்மைதான். ஆனால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீட்டை. எஃப்.சி. இல்லாத வழக்குகளிலும், அடிபட்டவருக்கு முதலில் கொடு, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று நீதிமன்றங்கள் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டதுண்டு. பாலிசியே இல்லையென்றால் அந்தக் கதவும் அடைபடும். ஜமுனாமரத்தூர்ச் சாலையோரம் நடந்துபோகிறவர் சாமை விதைத்துப் பிழைக்கும் மலையாளிப் பழங்குடி. நஷ்டஈட்டுக்கு அவர் குடும்பம் யார் வாசலில் நிற்கும்?

எஃப்.சி. வாங்கும்வரை வேறெதற்கும் வண்டியை ஓட்டாதீர்கள். பாலிசியை விடாதீர்கள். எஃப்.சி.யைப் புதுப்பிக்கப் போளூர்ப் பக்கம் இறங்கும் வளைவுகளிலும் ஆட்கள் நடக்கிறார்கள்.